சைரன் கேட்காத வரிசை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருந்த தையல் கம்பெனியில், முதல் மாடிக்குப் படி ஏறும்போது பாதியிலேயே மெஷின் சத்தம் வந்து காதை அடைத்துவிடும். உள்ளே போய்விட்டால் சத்தம் என்று தனியாக ஒன்று தெரியாது. எல்லாமே சத்தம்தான். பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் நூல் கேட்பதற்குக்கூட எழுந்துபோய் அவள் காதருகே குனிந்து கத்த வேண்டும். அதனால் யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. கிழக்குப் பக்கக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாகக் காலை வெயில் சாய்ந்து விழும். துணியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி அந்த வெயிலில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஏரிக்கு அடியில் நிற்பதுபோல இருக்கும் எனக்கு.

அந்தத் தளத்துக்குத்தான் காது கேளாத பெண்கள் ஆறு பேர் வேலைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் எங்கள் சட்டைகளை வாங்குகிறவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை கொடுக்கிறீர்களா என்று கேட்டார்களாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஆறு பொண்ணுங்க வராங்கம்மா. காது கேக்காது, பேச்சும் வராது. மத்த சூப்பர்வைசர் யாரும் வேணாம்னுட்டாங்க. நீங்க உங்க லைன்ல போட்டுக்கறீங்களா?”

என் லைனில் அப்போது ஆள் குறைவு. ஒரு முனையில் வெட்டிய துணியாகப் போய் மறுமுனையில் முழுச் சட்டையாக வெளியே வரவேண்டிய வரிசை அது. நடுவில் நாலைந்து மெஷின்கள் காலியாகக் கிடந்தால் எல்லாமே நின்றுபோகும். சரி என்றேன். பெரிய மனசு எல்லாம் ஒன்றுமில்லை.

முதல் நாள் அவர்களோடு சைகை மொழி தெரிந்த ஓர் அம்மாள் வந்திருந்தார். நூல், ஊசி, நிறுத்து, சாப்பாடு என்று பத்துப் பதினைந்து சைகைகளை எனக்குக் கற்றுக்கொடுத்தார். பெண் என்பதற்கு மூக்குத்தி போடும் இடத்தைத் தொட வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மதியம் அவர் போய்விட்டார். அப்புறம் நானும் அவர்களும்தான்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக, இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். இரண்டு விரலை என் உதட்டின்மேல் வைத்து மூடினாள். என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். பிறகு தன் கண்ணைத் தொட்டாள். கத்தாதே, கையால் காட்டு, நான் பார்க்கிறேன் என்று அர்த்தம். அது எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.

அவளைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்லப்போகிறேன். அவள் பெரிய கைகாரி எல்லாம் இல்லை. காலர் தைத்தால் கோணும். நான் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். காலரை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, எங்கே கோணல், காட்டு என்று நிற்பாள். என் லைனில் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் சண்டை போட்டதில்லை. அந்தச் சத்தத்தில் சண்டை போட யாருக்கும் முடியாது என்பதும் ஒரு காரணம். அவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

நான் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஏறுவேன். அவர்கள் முத்தாபுதுப்பேட்டை, கோவில்பதாகை என்று ஆவடியைச் சுற்றி இருந்தவர்கள், ஆவடியிலேயே ஏறி லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்கள். பட்டரவாக்கத்தில் எல்லோரும் இறங்க வேண்டும். அந்தக் கொஞ்ச தூரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அவர்கள் கை போகும் வேகத்துக்கு முதலில் என் கண் போகவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவர்கள் கைகள்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் வேகமெடுத்தால் நிழலும் வேகமெடுக்கும். எது சைகை, எது நிழல் என்று தெரியாமல் நான் பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு நாள் நடுவில் ஒரு வார்த்தை புரிந்தது. ‘மாமியார்.’ மறுநாள் ‘பொய்’ புரிந்தது. கொஞ்ச நாளில் கதையே புரிந்தது.

ஒரு தடவை எதிர் சீட்டில் பட்டுப்புடவையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார் போலிருந்தது. ரொம்ப நேரம் இவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“பாவம், எல்லாமே ஊமையா? பாக்க நல்லா கீதுங்க.”

கன்னக்குழிக்காரி உடனே என் முழங்காலைத் தட்டினாள். என்ன சொல்கிறார்? நான் கொஞ்சம் தயங்கிவிட்டு அப்படியே சைகையில் சொன்னேன். அவள் அந்தப் பெண்மணியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எனக்குக் கையால் ஒன்று சொல்லி, அவரிடம் சொல்லு என்று தலையை அசைத்தாள்.

“உங்க பிளவுஸ் கை நல்லா வந்திருக்காம். எங்க தெச்சதுன்னு கேக்கறா,” என்றேன்.

அந்தப் பெண்மணியின் முகமே மாறிப்போயிற்று. அன்னனூரில் ஒரு டெய்லர் என்று ஆரம்பித்தவர், கூலி அதிகம், ஆனால் அளவு பிசகாது என்று வில்லிவாக்கம் வரை பேசுவார் போலிருந்தது. நாங்கள் பட்டரவாக்கத்தில் இறங்கிக்கொண்டோம். பிளாட்பாரத்தில் நடக்கும்போது கன்னக்குழிக்காரி அந்த பிளவுஸைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள். முதுகுப் பக்கம் சுருக்கம் விழுந்திருக்கிறதாம்.

அவர்களுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயருக்கு எழுத்துத்தானே இருக்கிறது, முகம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை. கன்னத்தில் விரலைக் குத்தித் திருப்பினால் அவள். மேனேஜருக்கு, இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்து மேலே இழுப்பது. அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைச் செய்வார். கம்பெனி எலக்ட்ரீஷியனுக்கு, காதில் டெஸ்டர் செருகுவது. ரொம்ப நாளாக அவர்கள் பின்னந்தலையில் ஒரு விரலைச் செருகிக் காட்டுவதைப் பார்த்து, யாருக்கோ தலைவலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சைகை நான். துணியில் குறி போடும் பென்சிலை நான் எப்போதும் கொண்டையில் செருகி வைத்திருப்பேன்.

அன்று ராத்திரி ஒரு கனவு வந்தது. எங்கள் தளம் முழுக்கத் தண்ணீர். எல்லோரும் அவரவர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறோம். செத்துப்போன என் அப்பா கதவுப் பக்கம் நின்று என்னிடம் ஏதோ சொல்கிறார். கையால் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிட்டியா என்று கேட்கிறார், சாப்பிட்டேன் என்கிறேன். கனவில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. விடிந்து எழுந்தபோது தெருவில் தண்ணீர் லாரிச் சத்தம்கூட எனக்குக் கொஞ்ச நேரம் அந்நியமாகப்பட்டது.

கம்பெனியில் தீ ஒத்திகை வைத்தது அதற்குச் சில வாரம் கழித்து. நான் அப்போது கீழே ஸ்டோரில் நின்றிருந்தேன். நூல் கலர் ஒத்துப்போகவில்லை என்று தகராறு. திடீரென்று சைரன் அடித்தது. “ட்ரில்தான், ட்ரில்தான்,” என்று யாரோ சொன்னார்கள். மாடியிலிருந்து பெண்கள் திமுதிமுவென்று இறங்கி வந்து முற்றத்தில் வேப்பமரத்தடியில் கூடினார்கள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன். என் லைன் ஆட்களைக் கண்ணால் துழாவிக்கொண்டே வந்தவள் சும்மா நிமிர்ந்து பார்த்தேன்.

முதல் மாடி ஜன்னலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆறு தலைகள், குனிந்தபடி.

அவர்களுக்கு ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருக்கும் என்று மேனேஜர்தான் ஆறு பேரையும் லைன் கடைசியில், சுவரைப் பார்த்த மாதிரி, ஒன்றாக உட்கார வைத்திருந்தார். கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால். மற்றவர்கள் எழுந்துபோனது அவர்கள் கண்ணில் படவே இல்லை. யாராவது தோளில் தட்டியிருக்கலாம். ஆனால் சைரன் அடித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே போ என்று மட்டும்தான் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான் படியேறி ஓடினேன். உள்ளே போனதும் நின்றுவிட்டேன். அத்தனை வருஷத்தில் அந்தத் தளத்தை நான் அப்படிக் கேட்டதே இல்லை. எல்லா மெஷினும் நின்றிருந்தது. சைரனும் அதற்குள் ஓய்ந்துவிட்டது. கடைசியில் ஆறே ஆறு மெஷின்கள் மட்டும் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தன. கவிழ்ந்து கிடந்த நாற்காலிகள், பாதி தைத்த சட்டைக் கைகள், மிதக்கும் தூசி. அதற்கு அப்பால் அவர்கள் ரொம்ப நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். பிறகு லைட் சுவிட்சை அணைத்துப் போட்டேன்.

ஆறு பேரும் திரும்பினார்கள். காலித் தளத்தைப் பார்த்ததும் கன்னக்குழிக்காரிதான் முதலில் சிரித்தாள். எங்கே எல்லோரும், லீவா? நான் விரல்களை மேல்நோக்கி நெளித்து ‘தீ’ என்று காட்டி, அவசரமாக, ‘இல்லை, ஒத்திகை’ என்றும் காட்டினேன். அவள் சிரிப்பு மெதுவாக இறங்கிப் போயிற்று.

தரை அதிர்கிறது குறைந்த மாதிரி இருந்தது, கரண்ட் குறைவோ என்று நினைத்தேன் என்றாள். அப்புறம் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

முற்றத்தில் எல்லோரும் பார்க்க நேராக மேனேஜரிடம் போய் நின்றாள். என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கையால் பேச ஆரம்பித்தாள். வேகமாக, முகம் சிவந்து. ‘எங்களை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நிஜமான தீயாக இருந்தாலும் மறந்திருப்பீர்கள்.’

“சார், அவங்க கொஞ்சம் பயந்துட்டாங்க,” என்றேன் நான். “அடுத்த வாட்டி ஞாபகமா பாத்துக்கலாம்னு சொல்றாங்க.”

மேனேஜர் புன்னகைத்து, சரி சரி என்று தலையாட்டினார். அவள் என் மணிக்கட்டில் பளாரென்று ஒன்று வைத்தாள். ‘நான் சொன்னதற்கு அவர் ஏன் சிரிக்கிறார்?’

அவள் விடவில்லை. ‘என் வார்த்தையைச் சொல்லு. உன் வார்த்தை வேண்டாம்.’ திரும்பவும் முதலிலிருந்து கையால் சொன்னாள். இந்தத் தடவை நிதானமாக, ஒவ்வொன்றாக. நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறந்துட்டீங்க. நிஜத் தீன்னாலும் மறந்திருப்பீங்க. மேனேஜரின் சிரிப்பு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கையை இறக்கினாள்.

ஆனால் நடந்தது அவள் நினைத்தது இல்லை. சனிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து அவங்க கொஞ்ச நாள் வர வேணாம்னு சொல்லிடுங்கம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அவங்க நல்லதுக்குத்தான்.”

அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அதை நல்லது என்றுதான் நினைத்தார். திரும்பும் ரயிலில் நான்தான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாயங்காலம் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. யார் கையும் அசையவில்லை. அந்த ரயிலில் முதல் தடவையாக அன்றுதான் அவர்கள் மௌனமாக இருந்து பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. அவள் அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீட்டு வேலை செய்பவர். சின்ன வயதில் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவராம். அந்த வயல்களின் மேல் நிற்கும் கட்டடத்தில்தான் இப்போது தரை துடைக்கிறார். அதை அவர் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

“அவ ஊட்டுலயே இருந்தா போதும்னு கீது அவ அப்பாவுக்கு,” என்றார் என்னிடம். “நீ இன்னாம்மா சொல்ற?”

நான் பதில் சொல்வதற்குள் கன்னக்குழிக்காரி உள்ளிருந்து வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாரப் பேச்சு பாக்கி இருந்தது அவளுக்கு. கைகள் பறந்தன. மேனேஜரைத் திட்டினாள், என் கொண்டையைக் கிண்டல் செய்தாள், எதிர்வீட்டுக்காரி குழாயடியில் போட்ட சண்டையை அவளைப் போலவே இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ எப்பவும் இவ்ளோ பேசுவாளா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. வாயே ஓயாது.”

“எங்க ஊட்டுல அவ ஒண்ணும் பேச மாட்டாம்மா. சோறு, தண்ணி, போறேன், வரேன், அவ்ளோதான். நான் அவளுக்குப் பேச்சே அவ்ளோதான்னு நெனச்சிகினு கீறேன்.”

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“என் மேல கோவமா கீறியான்னு எப்டிக் கேக்கறது?”

நான் காட்டிக்கொடுத்தேன். அவர் மகளைப் பார்த்து, தடுமாறி, தப்பும் தவறுமாகக் கையை அசைத்தார். கன்னக்குழிக்காரி அம்மாவின் கையைப் பிடித்து விரலை மடக்கித் திருத்திவிட்டாள். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. திருத்தினாள், திரும்பச் செய்யச் சொன்னாள், மறுபடி திருத்தினாள். அவர்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டும்படி அதையே செய்துகொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து வாசலில் நின்றுகொண்டேன். கொடியில் காய்ந்த துணிகள் காற்றில் நிரம்பி, தளர்ந்து, மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தன.

நான் கிளம்பும்போது அவள் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு தொழிற்சாலை. உத்தரத்தில் சிவப்பு விளக்கு ஒன்று சுழல்கிறது, ஆட்கள் எழுந்து வெளியே போகிறார்கள். ‘இவ்வளவுதான்,’ என்றாள். காதில் டெஸ்டர் செருகிக் காட்டினாள். ‘அவரைக் கேள்.’

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். அவர் டெஸ்டரைக் காதிலிருந்து எடுத்து வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

“இதுக்கா அந்தப் புள்ளைங்கள ஊட்டுக்கு அனுப்சாங்க? இன்னாக்கா இது. ஒரு லைட்டு மேட்டரு. சைரன் ஒயர்லேயே இழுத்துக் குடுத்துட்டா அதுபாட்டுக்கு சுத்திகினு கெடக்கும்.”

“சார்கிட்ட நீங்க சொல்றீங்களா அண்ணே?”

“நான் சொல்றேன். நீ அந்த வீடியோவ எனக்கு அனுப்பு.”

மேனேஜர் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். சோதனைக்காக அந்த ஆறு பேரையும் ஒரு நாள் வரச்சொன்னோம். அவர்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்து தைத்தார்கள். சைரன் அடித்ததும் உத்தரத்தில் சிவப்பு விளக்கு சுழல ஆரம்பித்தது. தளம் முழுவதும் அலை அலையாகச் சிவந்தது. ஹேங்கரில் தொங்கிய வெள்ளைச் சட்டைகள் ரோஜா நிறமாகி, வெளுத்து, மறுபடி ரோஜா நிறமாயின. அவர்கள் ஊசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எழுந்து நடந்தார்கள். அவர்களில் சின்னவள் ஒருத்தி கதவருகே ஒரு நொடி நின்று, அந்த வெளிச்சத்தைக் கைநீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

முற்றத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். மேனேஜர்கூடச் சிரித்தார். கன்னக்குழிக்காரி மட்டும் தன் ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருத்தி குறைந்தாள். பாத்ரூமில் இருந்திருக்கிறாள். அங்கே விளக்கு இல்லை. நான் சொல்வதற்குள் அவள் படிக்கட்டுக்கு ஓடினாள். செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார். அவள் அந்தக் கைக்கு அடியில் குனிந்து புகுந்து போய்விட்டாள். இரண்டு பேரும் வெளியே வந்தபோது மற்றவளின் கை முழுக்கச் சோப்பு நுரை. என்ன ஆயிற்று என்று அவளுக்குப் புரியவே இல்லை.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இனி மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கன்னக்குழிக்காரி மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முன்னால் வந்து நின்று, என்னைப் பார்த்தாள். நான் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“பாத்ரூம்ல லைட்டு வேணும். கேன்டீன்லயும் வேணும். எங்கள ஒரே மூலையில உக்கார வெக்காதீங்க. லைன்ல கலந்து உக்கார வைங்க. பக்கத்துல கீறவங்க எங்க தோளத் தட்டிட்டுத்தான் வெளிய போகணும். நாங்களும் அவங்களத் தட்டிட்டுத்தான் போவோம்.”

மேனேஜர் இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டார். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் கெட்டோம்.

“செஞ்சிடலாம்,” என்றார் அவர்.

“நாளைக்கே போட்ருவோம் சார்,” என்றார் எலக்ட்ரீஷியன் பின்னாலிருந்து.

ஐந்து பேர்தான் திரும்பி வந்தார்கள். விளக்கைத் தொட்டுப் பார்த்த சின்னவளுக்கு வேலையில்லாமல் இருந்த அந்த வாரங்களில் வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். திருவள்ளூரைத் தாண்டி எங்கோ போய்விட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சில நாள் வீடியோ காலில் வருவாள். நூல்கண்டு ஒன்றின்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இவர்கள் சோற்றுக் கையும் நல்ல கையுமாக அவளோடு பேசுவார்கள். அவள் பின்னால் ஒரு வெற்றுச் சுவரும் காலண்டரும் தெரியும். வேலைக்கு விடுவார்களா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். அந்த முகம் சில சமயம் இன்னும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வந்த ஐந்து பேரையும் லைன் முழுக்கக் கலந்து உட்கார வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் தோள் தட்ட மட்டும் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் நூல், ஊசி. அப்புறம் மேனேஜரின் சைகை, அது வந்த வேகம் சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்குள் அந்தத் தளத்தில் எல்லோரும் கையால் பேசினார்கள். இந்த முனையில் இருப்பவள் அந்த முனையில் இருப்பவளிடம், ராத்திரி என்ன குழம்பு என்று கேட்பாள். மெஷின்கள் பாட்டுக்கு ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே, சாய்ந்த வெயிலில், இங்கே ஒரு கை எழும், அங்கே ஒரு கை எழும், யாரோ தோள் குலுங்கச் சிரிப்பார்கள். நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விழித்திருக்கிறேனா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வரும்.

எனக்குப் பக்கத்துத் தளத்தில் வேறு பொறுப்பு வந்தபோது, என் லைனுக்கு யார் என்ற கேள்வி வந்தது. நான் கன்னத்தில் விரலைக் குத்தித் திருப்பினேன். மேனேஜருக்கும் அதற்குள் அந்த அளவு தெரிந்திருந்தது.

“நல்ல பொண்ணுதான். ஆனா போன் வந்தா யாரு எடுக்கறது?”

“அந்தச் சத்தத்துல எனக்கு மட்டும் போன் கேட்டுச்சா சார்? மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். முதல் மாதங்கள் அவளுக்கு நன்றாகப் போகவில்லை. கோபம் அதிகம். காது கேட்கும் புதுப்பெண் ஒருத்தி தைத்த காலரை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்ட, அந்தப் பெண் அழுதுவிட்டாள். கன்னக்குழிக்காரி என்னிடம் வந்து, இவர்கள் ஏன் என்னோடு சண்டை போடாமல் அழுகிறார்கள் என்று கேட்டாள். சண்டை போடவும் கற்றுக்கொடு என்றேன். கொடுத்தாள் போலிருக்கிறது. இப்போது அந்த லைன் பக்கம் போனால் எப்போதும் இரண்டு கைகளாவது வாதாடிக்கொண்டிருக்கும்.

அவள் பொறுப்பேற்ற முதல் நாள் சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டீயும் பஜ்ஜியும் வாங்கி பெஞ்சில் உட்காரவும் மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து நடந்ததை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் கரண்ட் போயிற்று. கடை, தெரு, ஸ்டேஷன் எல்லாம் ஒரே இருட்டு.

இருட்டில் எங்களுக்குள் பேச வழியில்லாமல் போயிற்று. அவள் கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. தகரத்தில் மழை கொட்டியது. பக்கத்தில் அவள் மூச்சு மட்டும். அந்த மழையில் அப்படியே உட்கார்ந்திருப்பதும் நன்றாகத்தான் இருந்தது. அப்போது ஒரு குளிர்ந்த கை என் கையைத் தேடிப் பிடித்தது. என் உள்ளங்கையை விரித்து, அதற்குள்ளேயே தன் விரல்களை வைத்து, மெதுவாக, தொட்டுத் தொட்டு எதையோ சொன்னது. முதலில் புரியவில்லை. அவள் பொறுமையாகத் திரும்பவும் சொன்னாள்.

உன் பஜ்ஜியையும் நானே சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.